மாலியின் அடுப்பில் எங்கள் ஊர் உப்பு

1

என் மகள் நிவேதா கல்லூரியில் எழுதிய கட்டுரைக்கு நல்ல மார்க் வந்திருக்கிறது. அமெரிக்காவில் குடியேறிய லைபீரியர்களும் தாய்லாந்துக்காரர்களும் பொருளாதாரத்தில் எங்கே நிற்கிறார்கள் என்ற ஒப்பீடு. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தாள். திரையில் இரண்டு கோடுகள். மேலே ஓடுவது தாய்லாந்து, கீழே ஓடுவது லைபீரியா.

“ப்பா, இது மாலி ஆன்ட்டி. இது கம்ஃபர்ட் ஆன்ட்டி” என்று விரலை வைத்துக் காட்டினாள்.

“நாம எங்க இருக்கோம்?”

“இண்டியன்ஸா? அது இந்த சார்ட்லயே வராதுப்பா. ரொம்ப மேல போயிடும். ஸ்கேல் பத்தாது.”

நான் அப்போது ஷூவில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். மின்னசோட்டாவில் ஒரு முதியோர் இல்லத்தில் பனி வாரி, குழாய் அடைப்பு எடுத்து, பல்பு மாற்றிப் பிழைக்கிறவன் நான். ஸ்கேல் பத்தாத உயரத்தில் இருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கட்டுரையில் தப்பு ஒன்றும் இல்லை. போர், விசா, படிப்பு, மொழி, சொந்தத் தொழில் என்று காரணங்களை ஒழுங்காக அடுக்கியிருக்கிறாள். ஆனால் மாலிக்கும் கம்ஃபர்ட்டுக்கும் நடுவில் நடந்தது எனக்குத் தெரியும். அதில் எங்கள் வீட்டு உப்பும் கலந்திருக்கிறது. அதையும் எழுதேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

“அதுக்கு சோர்ஸ் இல்லப்பா. ஒரு ஆளோட கதை டேட்டா ஆகாது.”

சோர்ஸ் நான்தான், எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் குழந்தையிடம் அதை எந்த மொழியில் சொல்வது? ஆகவே ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். உப்பு விஷயம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

2

மரக்காணத்தைத் தாண்டி ஈசிஆரில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு எங்கள் உப்பளம் கண்ணாடிக் கட்டங்களாகத் தெரியும். கார்க்காரர்கள் இறங்கி நின்று போட்டோ எடுப்பார்கள். அந்தக் கட்டங்களில் என் அப்பா உப்பு வாரினார், அம்மா கூடையில் சுமந்து கரையில் கொட்டினாள். லீவு நாளில் நானும் அண்ணனும் வாரினோம். பாத்தி எங்களுடையது அல்ல, குத்தகை எடுத்தவருடையது. எங்களுடையது உள்ளங்கால் வெடிப்பு மட்டும்தான்.

நான் புதுச்சேரியில் பாலிடெக்னிக் படித்தேன். என் மனைவி செல்வி வானூர் பக்கத்துப் பெண், நர்சிங் முடித்தவள். அமெரிக்க வேலை வந்தது அவளுக்கு. நான் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவன். ஊரில் இதைச் சொல்ல ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, இப்போது இல்லை.

இங்கே குளிர்காலத்தில் ரோட்டிலும் நடைபாதையிலும் உப்புப் போடுவார்கள், பனி உருகுவதற்கு. முதல் வருஷம் என் கையில் ஒரு வாளி உப்பையும் முறத்தையும் கொடுத்து, தரையில் வீசு என்றார்கள். காலால் மிதிபடுகிற இடத்தில் உப்பைப் போட எனக்குக் கை வரவில்லை. மேஸ்திரி என்னை மந்தபுத்திக்காரன் என்று நினைத்திருப்பார். இப்போது நன்றாகவே வீசுகிறேன்.

செல்வி மட்டும் மாறவில்லை. ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் ஊறுகாய் பாட்டிலில் மரக்காணத்துக் கல்லுப்பு கொண்டுவருவாள். ஒரு தடவை ஏர்போர்ட்டில் பாட்டிலைத் திறந்து, ஆய்வுக்கு எடுத்துப்போய், எங்களை வெகுநேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் ஒரு அதிகாரி வந்து, “இது உப்பு” என்று எங்களிடமே சொன்னார். அமெரிக்காவில் உப்பு கிடைக்காதா என்று கேட்டார். செல்வி தமிழில் “கிடைக்கும், ஆனா கண்ணு கழியாது” என்றாள். நல்லவேளை அவருக்குப் புரியவில்லை.

3

இனி கம்ஃபர்ட்டும் மாலியும் பேசுவார்கள். ஆங்கிலத்தில்தான் பேசினார்கள், எனக்கு அது நம் பேச்சாகத்தான் காதில் தங்கியிருக்கிறது. மரக்காணத்தில் பிறந்தவர்கள் மாதிரி பேசுகிறார்களே என்று நினைக்காதீர்கள்.

எங்கள் இல்லத்தில் ஷிஃப்ட் மாறும்போது வாசலில் நின்று பார்த்தால், உள்ளே போவதும் லைபீரியப் பெண்கள், வெளியே வருவதும் லைபீரியப் பெண்கள். கிழவர்களைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவர்கள் கைதான். கம்ஃபர்ட் அதில் ஒருத்தி. அங்கேயே நர்சாக இருக்கிற செல்விக்குக் கீழே வேலை, ஆனால் செல்விக்கு அக்கா மாதிரி.

லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் அவள் அம்மா சோற்றுக்கடை வைத்திருந்தார். மண்டியிலிருந்து அரிசி வரும், பெரிய குண்டானில் கீரையும் மீனும் கொதிக்கும். போரில் கடையும் போயிற்று, அம்மாவும் போனார். கம்ஃபர்ட் அடுத்த நாட்டு முகாமில் இருந்து, அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தாள். எங்களைப் போலவே அவர்களுக்கும் சோறுதான் சாப்பாடு. ரொட்டி, பாஸ்தா எதைத் தின்றாலும், “இன்னிக்கு நான் இன்னும் சாப்பிடலை” என்பாள். செல்விக்கு அவளைப் பிடித்துப்போனதே அந்த ஒரு வார்த்தையில்தான்.

அவளிடம் இருந்தது தற்காலிக அனுமதி. வருஷா வருஷம் நீட்டிப்பார்கள், நீட்டமாட்டோம் என்பார்கள், கடைசி நேரத்தில் மறுபடி நீட்டுவார்கள். அடுத்த வருஷம் இந்த நாட்டில் இருப்பாளா என்று தெரியாத பெண்ணுக்கு எந்த பேங்க் கடன் கொடுக்கும்? எவன் கடை வாடகைக்கு விடுவான்? நிரந்தர அனுமதி கையில் வந்தபோது அவளுக்குத் தலை நரைத்து, இடுப்பு எலும்பு தேய்ந்துபோயிருந்தது. டாக்டர் இனி ஆளைத் தூக்காதே என்றார். தூக்காவிட்டால் வேலை இல்லை. கட்டுரையில் இதெல்லாம் ‘சட்டபூர்வ நிலை’ என்ற இரண்டு வார்த்தையில் அடங்கிவிட்டது.

கம்ஃபர்ட்டுக்கு இருந்தது ஒரே ஆசை. அந்தச் சோற்றுக்கடையை இங்கே மறுபடி திறக்க வேண்டும். அது நடந்தால் முதியோர் இல்லத்திலிருந்து தப்பிப்பாள். நடக்காவிட்டால், தூக்கித் தூக்கி ஒருநாள் அவளே அங்கே ஒரு கட்டிலில் படுப்பாள்.

4

இல்லத்துக்கு எதிரே பஸ் ஸ்டாப். ஸ்டாப்புக்குப் பின்னால் வரிசைக் கடைகள், அதில் ஒன்று மாலியின் தாய்லாந்து ஓட்டல். மாலி ஒரு அமெரிக்கரைக் கட்டிக்கொண்டு வந்தவள். முதல் வாடகை ஒப்பந்தத்துக்குப் புருஷன்தான் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டார். அதைத் தவிர மற்றதெல்லாம் அவள் உழைப்பு. அடுப்பு வெக்கையில் கைகளில் ரோமமே இருக்காது. புருஷன் இறந்துவிட்டார். மகன் சியாட்டிலில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான், அம்மா சமையலைப் போட்டோ பிடித்துப் போடுவதோடு சரி. நிவேதாவின் கோட்டில் அந்தப் புருஷனின் சம்பளமும் அந்த மகனின் சம்பளமும் சேர்ந்துதான் மேலே நிற்கின்றன.

எங்கள் உப்பளத்திலும் இதையே பார்த்திருக்கிறேன். அப்பாவும் அவர் கூட்டாளியும் ஒரே நாளில் வாருபலகை பிடித்தவர்கள். கூட்டாளிக்குச் சிபாரிசுக்கு நிற்க ஒரு மச்சான் இருந்தார், சொந்தமாகப் பாத்தி குத்தகைக்குக் கிடைத்தது. அப்பாவுக்கு மச்சான் இல்லை. கூட்டாளியின் பிள்ளைகள் மாடிவீடு கட்டினார்கள், நாங்கள் உப்பு வாரினோம். அப்பா சோம்பேறி என்று யாராவது கோடு போட்டுக் காட்டியிருந்தால் நான் அடித்திருப்பேன்.

கம்ஃபர்ட்டுக்கு மச்சானாக வந்தவள் மாலிதான். உடம்பு முடியவில்லை, தாய்லாந்துக்கே போய்த் தங்கச்சியோடு இருக்கப் போகிறேன் என்று ஒருநாள் செல்வியிடம் சொன்னாள். கடையை உடைத்து வேறு எதற்கும் கொடுக்க மனசில்லை, அடுப்பு எரிய வேண்டும் என்றாள். செல்வி கம்ஃபர்ட்டைக் கூட்டிக்கொண்டு போனாள். கம்ஃபர்ட் ஒரு நாள் மாலியின் அடுப்பில் கீரைக்குழம்பு வைத்தாள். மாலி இரண்டாவது தட்டுச் சோறு போட்டுக்கொண்டாள்.

“மொதல் ஒரு வருஷம் ஒப்பந்தத்துல என் பேரும் கூட இருக்கட்டும். கட்டடத்துச் சொந்தக்காரன் என்னை நம்புவான். அப்புறம் உன்னையும் நம்புவான்” என்றாள் மாலி.

கம்ஃபர்ட் மாலியின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் இந்த நாட்டில் காத்திருந்தாள்.

5

திங்கட்கிழமை கையெழுத்து என்று முடிவாயிற்று. முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம் மாலி கடையை மூடிவிட்டு, கம்ஃபர்ட்டைச் சமைக்கவிட்டாள். கம்ஃபர்ட்டின் சர்ச் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மாலியின் பழைய வாடிக்கையாளர்களும் வந்தார்கள். உட்கார இடமில்லாமல் தட்டைக் கையில் பிடித்து நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். யாரைப் பார்த்தாலும் கம்ஃபர்ட் தலையில் சுற்றிக் கட்டியிருந்த புதுத் துணியைப் புகழ்ந்தார்கள், குழம்பைப் புகழ்ந்தார்கள், அதிர்ஷ்டக்காரி என்றார்கள்.

செல்வி என் காதருகில் வந்தாள். “இன்னாங்க, எத்தினி கண்ணு பாருங்க. இவ்ளோ பேரு வயிறெரிஞ்சா வெளங்குமா? எல்லாரும் போனப்புறம் சுத்திப் போட்டுடறேன்.”

“வேணாம்னு சொல்லலை. வீட்ல வெச்சிச் செய்யேன்” என்றேன்.

“கடைக்குத்தானே கண்ணு பட்டிருக்குது? வீட்ல வெச்சி சுத்துனா இன்னா அர்த்தம்?”

அவள் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. கைப்பையில் உப்புப் பாட்டிலோடுதான் வந்திருக்கிறாள்.

கூட்டம் கலைந்தது. சமையலறையில் நாங்கள் மட்டும். அடுப்புக்கு மேலே சுவரில் மாலியின் சாமி மாடம், அதில் படையலாகச் சிவப்புச் சோடாவும் பூவும் வைத்திருப்பாள். செல்விக்கு அது ரொம்பத் திருப்தி, சாமி முன்னாலேயே கழிக்கலாம் என்று. மாலியையும் கம்ஃபர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். இந்தியச் சடங்கு ஏதோ, ஆசீர்வாதம் என்று கம்ஃபர்ட் மாலியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

சிரித்துக்கொண்டு யாரும் திருஷ்டி கழிப்பதில்லை, உங்களுக்குத் தெரியும். செல்வி முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டாள். கைப்பிடி உப்பு, அதில் மூன்று காய்ந்த மிளகாய். இடம் சுற்றி, வலம் சுற்றி, உதட்டுக்குள் முணுமுணுத்தாள். “துப்பு” என்று கையை முதலில் கம்ஃபர்ட்டிடம் நீட்டினாள். கம்ஃபர்ட் துப்பினாள். பிறகு மாலியிடம் நீட்டினாள்.

மாலி துப்பவில்லை. சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. செல்வி அதைக் கவனிக்காமல் அடுப்பைத் திறந்துவிட்டு, தீயில் எல்லாவற்றையும் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. மேலே இருந்த பெரிய எக்சாஸ்ட் புகையை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டது.

“நெடியே வரல பாருங்க! எவ்ளோ திருஷ்டி!” என்றாள் செல்வி சந்தோஷமாக.

மாலி மாடத்தைப் பார்த்தாள், தீயைப் பார்த்தாள். பிறகு பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். களைப்பு, புருஷன் ஞாபகம் என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு வந்தோம்.

6

திங்கட்கிழமை கம்ஃபர்ட் அந்தப் புதுத் தலைத்துணியோடு கட்டடக்காரர் ஆபீசில் உட்கார்ந்திருந்தாள். மாலி வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க எடுக்கவில்லை. பிறகு, கடையைப் புருஷனுடைய தங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டதாக ஒரு வரிச் செய்தி வந்தது.

நானும் செல்வியும் அவள் வீட்டுக்குப் போனோம். கதவைப் பாதிதான் திறந்தாள்.

“நான் உங்களுக்கு என்ன பண்ணேன் செல்வி?” என்று கேட்டாள்.

அவர்கள் ஊரில், ஒருத்தன் குடும்பம் அடியோடு நாசமாகப் போக வேண்டும் என்றால் உப்பையும் மிளகாயையும் சாமி முன்னால் எரிப்பார்களாம். சின்னக் கோபத்துக்குச் செய்யமாட்டார்களாம். மாலியின் ஊரில் ஒருத்தி அப்படிச் செய்து மாலி கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். கடைக்காரி முகத்துக்கு நேரே, அவள் அடுப்பிலேயே, அவள் சாமிக்கு முன்னாலேயே, காறித் துப்பச் சொல்லி எரித்தால் அவள் என்ன நினைப்பாள்?

செல்வி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எங்க ஊர்ல இது நல்லதுக்கு, பிள்ளைக்குச் செய்வோம், கல்யாணப் பொண்ணுக்குச் செய்வோம், என் பொண்ணுக்கு ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் செய்யறேன் என்று தேம்பித் தேம்பிச் சொன்னாள். ஆங்கிலம் பாதியில் போய்த் தமிழே வந்தது. மாலியும் அழுதாள். செல்வியின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“நம்புறேன். நீ பொய் சொல்றவ இல்லை. ஆனா கையெழுத்துப் போட்டாச்சு. அந்தப் பையன் அட்வான்ஸும் கட்டிட்டான்.” முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவனுக்குப் போடலைன்னாலும் கம்ஃபர்ட்டுக்குப் போட என் கை போயிருக்காது செல்வி. தெரிஞ்சும் அந்த அடுப்பைப் பார்க்க எனக்குப் பயமா இருக்குது” என்றாள்.

கம்ஃபர்ட்டிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. இல்லத்தின் பின்வாசலில், வேலை உடுப்போடு நின்று கேட்டாள். செல்வியைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“என் அம்மா கடையைத் துப்பாக்கி எடுத்துக்கிச்சு. அப்புறம் விசா ஆபீஸ் எடுத்துக்கிச்சு. இப்ப உப்பு” என்றாள். “செல்வி அழுவறாளா? அழ வேணாம்னு சொல்லு. அவ எனக்குத்தான் நல்லது பண்ணா.” பெல் அடித்தது. அறையில் யாரையோ புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், போய்விட்டாள்.

செல்வி அன்றைக்குப் பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் தூக்கி வைத்தவள்தான். நிவேதாவின் பிறந்தநாளுக்குக்கூட எடுக்கவில்லை. நிவேதா கவனிக்கவும் இல்லை. அவளுக்கு அது எப்போதுமே ஃபயர் அலாரம் அடிக்க வைக்கிற ஒரு சமாச்சாரம், அவ்வளவுதான்.

7

அண்ணன் மரக்காணத்திலிருந்து போன் செய்தார். பருவம் தப்பி மழை, குவித்து வைத்த உப்பு தார்ப்பாய்க்கு அடியிலேயே கரைந்துபோய்விட்டதாம். அதைச் சொல்லிவிட்டு, நர்சிங் கடைசி வருஷம் படிக்கிற மகளைப் பற்றிப் பேசினார். பெரிய முதலியார்சாவடியில் தங்கி புதுச்சேரிக்குப் போய் வருகிறாள்.

“டேய் குமாரு, பொண்ணு வெளிநாடு போறேன்றா. அமெரிக்காவா லண்டனா, எது தேவலாம்? எந்த ஊர்ல நம்ம ஆளுங்க நல்லாருக்காங்க?”

“நம்ம ஆளுங்க எங்க போனாலும் மேலதான் இருக்காங்களாம்ணா. நிவேதா சொல்றா.”

“அப்புறம் இன்னாடா, நீ ஏன் ஒரு மாதிரி பேசற?”

உப்பு விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஏற ரொம்ப நேரம் பிடித்தது. “நல்லதுக்குத்தானேடா சுத்திப் போட்டுச்சு? அதுக்கா கடைய மாத்திக் கொடுத்துட்டாங்க? இன்னாடா ஊரு அது?” என்றார். உங்க ஊரும் இதுதான்ணா, உப்பு உங்க ஊரு உப்புதான் என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். பெண் படித்து முடிக்கட்டும் என்றேன். வராதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வா என்று சொல்ல மனசு வரவில்லை.

மாலி தாய்லாந்துக்குப் போய்விட்டாள். தங்கை வீட்டில் இருக்கிறாள். பூ வைத்த தட்டு, ஆறு, பூனை என்று செல்விக்குப் படம் அனுப்புவாள். செல்வி இதயம் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பாள். கடையை வாங்கிய பையன் கோடை முடிவதற்குள் நஷ்டம் என்று மூடிவிட்டான். கட்டடக்காரர் மறுபடி ஆள் தேடுகிறார். கம்ஃபர்ட் போய்க் கேட்டாள். உனக்காக நிற்பவர் யார் என்று கேட்டிருக்கிறார். நான் நிற்கிறேன் என்று நானும் செல்வியும் போனோம். எங்கள் இரண்டு பேர் சம்பளத்தையும் வீட்டுக் கடனையும் பார்த்துவிட்டு, மரியாதையாகவே வேண்டாம் என்றார். ஸ்கேல் பத்தாத உயரம் அங்கே செல்லுபடியாகவில்லை.

8

போன வாரம் முதல் பனி விழுந்தது. காலிக் கடைகளின் வாசலில் யாராவது வழுக்கி விழுந்தால் கேஸ் போடுவார்களாம், அதனால் கட்டடக்காரர் இந்தக் குளிர்காலத்துக்கு என்னை அமர்த்தியிருக்கிறார். கடைக்கு ஆகாதவன் உப்புக்கு ஆவேன். இல்லத்து வேலை தொடங்குவதற்கு முன்னால் போய் அந்த நடைபாதைக்கு உப்புப் போட்டுவிட்டு வருகிறேன்.

நேற்றுக் காலையில் கம்ஃபர்ட் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். இப்போது ஊருக்கு அந்தப் பக்கம் இன்னொரு இல்லத்திலும் பகுதி நேர வேலை. இடுப்பில் பட்டை கட்டியிருந்தாள். பின்னால் மாலியின் கடைக் கண்ணாடி, போர்டைக்கூட இன்னும் யாரும் கழற்றவில்லை. அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

“குமார், இங்க இன்னும் கொஞ்சம் போடு. எல்லாரையும் நான் தூக்கறேன். நான் விழுந்தா தூக்க ஆளு இல்லை” என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் முறத்தை வைத்துவிட்டுக் கையாலேயே அள்ளி, அவள் காலைச் சுற்றிப் போட்டேன். போட்ட பிறகுதான் சுற்றிப் போட்டிருக்கிறேன் என்று உறைத்தது. அவளும் குனிந்து பார்த்தாள். அதன்மேல் காலை ஊன்றி, நொறுநொறுவென்று நடந்துபோய் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

பஸ் போன பிறகு மாலியின் கடை வாசலுக்கும் போட்டேன். அங்கே யாரும் வரப்போவதில்லை. போடச் சொல்லியிருக்கிறார்கள், போட வேண்டும்.